4எச் போட்டால் அடங்கும் ஊளை: ஒரு ஃபோர் வீல் டிரைவ் டிரக்கின் முன் ஆக்சில் ஆய்வு

ஓடும்போது ஊளையிடுகிறது என்ற இந்த டிரக்கின் புகாரைக் கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: பின் டிஃபரன்ஷியலில் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி) கிரவுன் பினியன் எனும் பெரிய, சிறிய பற்சக்கர ஜோடி போய்விட்டது, செட்டோடு மாற்ற வேண்டும். ஒரு பணிமனை மாற்ற வேண்டிய பாகங்களின் பட்டியலையே எழுதிக் கொடுத்திருந்தது. கடைசியில் காரணமாக இருந்தது முன் ஆக்சிலுக்குள், உள்ளங்கைக்குள் மறைந்துவிடும் அளவுக்குச் சிறிய, ஊசி போன்ற உருளைகள் கொண்ட ஒரு நீடில் பேரிங். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. ஃபோர் வீல் டிரைவ் லீவர் (2எச்-இல் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும், 4எச்-இல் நான்கும் இழுக்கும்) பாதி வேலையைச் செய்தது. மீதியை இரண்டு பேர் சக்கரத்தைக் கையால் சுற்றியே முடித்தோம். வழியில் கிடைத்த சில தடயங்கள் ஆளைத் தவறான இடத்துக்கு நேராகக் கூட்டிப் போகக்கூடியவை என்பதால், நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

புகார்

வண்டி, தேவைப்படும்போது மட்டும் முன்சக்கரங்களும் இழுக்கும் பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ் வகை பிக்கப். மேனுவல் கியர்பாக்ஸ். பின்னால் முழு ஆக்சில். முன்னால் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், இருபுறமும் சக்கரத்துக்கு விசை கொண்டுபோகும், மூட்டுகள் கொண்ட சிவி ஷாஃப்ட். டயர் 265/70 ஆர்17. பின் டிஃபரன்ஷியலில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 10 பல், ஆக 4.1 விகிதம். முன்பக்கத்தை ஸ்பேசர் வைத்துச் சுமார் 50 மி.மீ. உயர்த்தியிருந்தார்கள். இந்தக் கடைசி விவரம் பின்னால் தேவைப்படும்.

சத்தம் 20 கி.மீ. வேகத்தில் 'உய்ங்' என்று மெல்லத் தொடங்கும், 30 முதல் 40 வரை நன்றாகக் கேட்கும், 50-ஐத் தாண்டினால் போய்விடும். உரிமையாளர் சொன்னது இவ்வளவுதான். "குறைந்த வேகத்தில் மட்டும் வருகிறது" என்று ஒருவர் சொன்னால் அதை உடனே உறுதிசெய்துகொள்வது நல்லது. வேகம் கூடும்போது சத்தம் நின்றுபோவது வேறு, டயர் இரைச்சலிலும் காற்றிலும் அமுங்கிப்போவது வேறு. ஜன்னல்களை ஏற்றி, ஃபேனை அணைத்து, வழவழப்பான சாலையில் ஓட்டிப் பார்த்தபோது 60-இலும் அது இருந்தது, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் உண்டாகும் கோளாறைத் தேட வேண்டியதில்லை. சக்கரத்தோடு சேர்ந்து எப்போதும் சுற்றும் ஏதோ ஒன்றைத் தேடினால் போதும்.

சாலையில் பார்த்தவை

முதலில் வண்டியை நிறுத்திவைத்து எஞ்சினை மட்டும் முடுக்கினோம். ஊளை இல்லை. ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தும் பார்த்தோம், இல்லை. பவர் ஸ்டியரிங் பம்ப், ஆல்டர்னேட்டர், பெல்ட் உருளைகள் எல்லாம் இத்தோடு பட்டியலில் இருந்து போயின. அப்புறம் ஒரே வேகத்தில் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஓட்டினோம். எஞ்சின் சுழற்சி மாறியது, ஊளையின் சுருதி மாறவில்லை. சாலை வேகத்தோடு மட்டும்தான் அதற்கு உறவு.

அடுத்தது, என் கணக்கில் இந்தச் சோதனைகளிலேயே முக்கியமானது. சமதளத்தில் 40-இல் ஆக்சிலரேட்டரை மிதித்தபடி ஒரு முறை, காலை எடுத்துவிட்டு ஒரு முறை, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஒரு முறை. எஞ்சினை அணைக்கவில்லை, ஓடும் வண்டியில் எஞ்சினை அணைத்தால் ஸ்டியரிங், பிரேக் உதவிகள் போய்விடும், அதைச் செய்யவே கூடாது. மூன்று நிலையிலும் சத்தம் ஒரே மாதிரி இருந்தது.

கிரவுன் பினியன் ஊளை இப்படி நடந்துகொள்ளாது. இழுக்கும்போது பல்லின் ஒரு முகமும், காலை எடுக்கும்போது மறு முகமும் அழுத்தம் வாங்குகின்றன. தேய்மானமோ பொருத்தப் பிழையோ இரண்டு முகத்திலும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருப்பது அரிது. அதனால் அந்தச் சத்தம் இழுவையில் எழும்பி நியூட்ரலில் தணியும், அல்லது கால் எடுத்தால் மட்டும் வரும், எப்படியாவது மாறும். விசையே இல்லாத நேரத்திலும் மாறாமல் இருக்கும் ஊளையைக் கேட்டுவிட்டுப் பின் டிஃபரன்ஷியலைப் பிரிக்கச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

கணக்காகவும் ஒரு முறை பார்த்துக்கொண்டோம். இந்த டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.45 மீட்டர் ஓடும். 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர், ஆகச் சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 4 சுற்று. 41 பல் கொண்ட கிரவுனில் நொடிக்கு 164 பல் மோதல். பின் டிஃபரன்ஷியல் பாடுகிறது என்றால் ஒலியின் அதிர்வெண்களைக் காட்டும் ஒரு கைப்பேசிச் செயலியில் 164 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கூரான கோடுகள் தெரிய வேண்டும். அங்கே எழும்பிய கோடு எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக 300-க்கும் 500-க்கும் இடையே அகலமான ஒரு மேடு இருந்தது. பற்சக்கரம் கூரான சுருதியில் பாடும், தேய்ந்த பேரிங் பரந்துபட்டு இரையும். இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும் பேரிங் பக்கமாகச் சந்தேகம் சாய்ந்தது.

வழிதப்ப வைக்கும் தடயங்கள்

பேரிங் என்றதும் எல்லாரும் வளைவில் ஓட்டிப் பார்ப்பார்கள். வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடச்சக்கரத்துக்குப் போகும். அப்போது சத்தம் கூடினால் இடது வீல் பேரிங் என்பது வழக்கமான விதி. இந்த வண்டியில் வலப்பக்கம் திரும்பும்போது ஊளை தெளிவாகவே கூடியது. விதிப்படி இடது ஹப்பை மாற்ற வேண்டும். மாற்றியிருந்தால் நல்ல பேரிங்கைத்தான் கழற்றி வீசியிருப்போம்.

இன்னொன்று, பிரேக்கை லேசாக அழுத்தினால் ஊளை குறைந்தது. இதைக் கேட்டு ஒருவர் பிரேக் பேட் உராய்கிறது என்றார். பார்க்காமல் விடக்கூடாது என்று பேட், டிஸ்க், தூசுத் தகடு எல்லாம் பார்த்தோம், சுத்தம். மூன்றாவதாக, உயர்த்திய பிறகு போட்ட புது டயர்கள். தரைக்குத் தரை டயர்ச் சத்தம் மாறும். கரடான தார்ச்சாலையில் ஒரு மாதிரி, வழவழப்பான கான்கிரீட்டில் வேறு மாதிரி. இந்த ஊளை எந்தத் தரையிலும் மாறவில்லை.

வளைவும் பிரேக்கும் ஏன் அதை மாற்றின என்பதற்கான விளக்கம் பின்னால்தான் கிடைத்தது. பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைத் தாழ்த்தும். முன் சஸ்பென்ஷன் அமுங்கும். உயர்த்திவைத்ததால் அதிகமாகச் சாய்ந்திருந்த சிவி ஷாஃப்ட்கள் சற்றுக் கிடைநிலைக்கு வரும். வலப்பக்கம் திரும்பினால் வலச்சக்கரப் பாரம் குறைந்து அந்தப் பக்க சஸ்பென்ஷன் நீளும், வலது சிவி ஷாஃப்டின் சாய்வு இன்னும் கூடும். மாறியது சக்கரத்தின் மேல் இருந்த பாரமல்ல, ஷாஃப்டின் கோணம். சத்தம் வலப்பக்கத்தில் இருக்க, விதி இடப்பக்கத்தைக் காட்டியது.

லீவரைத் தள்ளியதும்

இறுகிய தார்ச்சாலையில் பார்ட் டைம் வண்டியை 4எச்-இல் ஓட்டக் கூடாது. திருப்பங்களில் முன்னும் பின்னும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டியிருக்க, நடுவில் அதைச் சமன்செய்ய டிஃபரன்ஷியல் கிடையாது; உறுப்புகள் முறுக்கேறிவிடும். அதனால் சரளை பரவிய தளர்ந்த தரைக்குப் போனோம். சரளைச் சத்தம் தொந்தரவு செய்ததால் முன் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கில் ஒட்டிவைத்த மைக் வழியாகக் கேட்டோம். 2எச்-இல் 35 கி.மீ., ஊளை இருக்கிறது. லீவரை 4எச்-க்குத் தள்ளியதும், முன் ஷாஃப்டைப் பூட்டும் வளையமான காலர் பொருந்திய அந்தக் கணத்தில் ஊளை நின்றது. மறுபடி 2எச், மறுபடி ஊளை. நியூட்ரலில் உருண்டபோதும் இதே கதைதான்.

இங்கே ஒருவர் நியாயமாகக் கேட்கலாம்: 4எச்-இல் விசை முன்னும் பின்னுமாகப் பிரிகிறது, பின் டிஃபரன்ஷியல் மேல் சுமை குறைகிறது, அதனால்தான் சத்தம் அடங்கியதோ? நியூட்ரலில் உருளும்போது பின் டிஃபரன்ஷியல் மேல் விசை ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஆனால் 2எச்-இல் ஊளை அப்போதும் இருந்தது. ஆகவே அந்த விளக்கம் நிற்காது. விசையை முன்பக்கத்துக்குப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் செயினும் தப்பித்தது. அது 2எச்-இல் சும்மா நிற்கும், 4எச்-இல்தான் சுற்றத் தொடங்கும். சுற்றத் தொடங்கியதும் சத்தம் நிற்கிறது என்றால் அதன் மேல் பழி போட முடியாது. முன் கிரவுன் பினியனுக்கும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கும் இதே நியாயம்தான்.

அப்படியானால் 2எச்-இல் சுற்றி, 4எச்-இல் ஓய்ந்துவிடும் உறுப்பு எது? இதைப் புரிந்துகொள்ள முன் ஆக்சிலுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும். நான்கு சக்கர வண்டிகளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

இந்த வகை ஆக்சிலில் இடச்சக்கரம் நேரடியாக டிஃபரன்ஷியலின் இடது சன் கியரோடு (அந்தப் பக்க ஷாஃப்டின் முனையில் உள்ள பற்சக்கரம்) சேர்ந்திருக்கிறது. வலப்பக்க ஷாஃப்ட் மட்டும் இரண்டு துண்டு. வெளித்துண்டு சக்கரத்தோடு போகும், உள்துண்டு வலது சன் கியரோடு போகும். இரண்டையும் இணைப்பதும் பிரிப்பதும் ஒரு காலர். அதை நகர்த்துவது ஒரு ஃபோர்க். உள்துண்டின் மூக்கு வெளித்துண்டின் குழிக்குள் நுழைந்திருக்கும், நடுவில் ஒரு நீடில் பேரிங்.

2எச்-இல் காலர் பிரிந்திருக்கிறது. இடச்சக்கரம் இடது சன் கியரை முன்னோக்கிச் சுற்றுகிறது. கிரவுன், பினியன், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் இழுத்துச் சுற்றுவது கடினம், உள்துண்டைச் சுற்றுவது எளிது. அதனால் கிரவுன் நின்ற இடத்திலேயே நிற்க, இரு சன் கியர்களுக்கும் நடுவே உள்ள ஸ்டார் பினியன்கள் என்ற சிறு பற்சக்கரங்கள் தங்கள் முளையில் சுழன்று, வலது சன் கியரை அதே வேகத்தில் பின்னோக்கித் தள்ளுகின்றன. வண்டி முன்னால் ஓட, உள்துண்டு பின்னோக்கிச் சுற்றுகிறது! வெளித்துண்டோ வலச்சக்கரத்தோடு முன்னோக்கிச் சுற்றுகிறது. எதிரெதிரே கடக்கும் இரண்டு ரயில்களைப் போல, நடுவில் மாட்டிய நீடில் பேரிங்குக்கு வேகம் இரட்டிப்பு. 36 கி.மீ.-இல் சக்கரம் நொடிக்கு 4 சுற்று என்றால் அந்தப் பேரிங்குக்கு 8 சுற்று. 4எச் போட்டதும் காலர் இரு துண்டையும் பூட்டிவிடும். இரண்டும் ஒன்றாகவே சுற்றும். பேரிங்குக்குள் அசைவே இருக்காது.

தூக்கிவைத்துச் சுற்றியது

சந்தேகம் இப்போது மூன்று உறுப்புகளுக்குச் சுருங்கியது: நீடில் பேரிங், ஸ்டார் பினியன்கள், காலரை நகர்த்தும் ஃபோர்க். ஸ்டார் பினியன்களும் 4எச்-இல் நேர் ஓட்டத்தில் ஓய்ந்துவிடும் என்பதால் லீவர் சோதனை அவற்றை விடுவிக்கவில்லை. நேர்ப்பல் கொண்ட கியர் என்பதால் பாடும் இயல்பும் உண்டு.

பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்பக்கத்தைத் தூக்கினோம். ஸ்டாண்டுகளை வண்டியின் சேசிஸ் சட்டத்துக்குக் கீழே வைக்காமல், சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்முக்குக் கீழே வைத்தோம். சட்டத்தைத் தாங்கினால் சக்கரம் தொங்கி, ஷாஃப்டின் கோணம் சாலையில் இருப்பதைவிட அதிகமாகிவிடும். கோணத்தோடு மாறும் ஒரு சத்தத்தைத் தேடும்போது அது சோதனையையே கெடுத்துவிடும்.

முதலில் வீல் பேரிங்குகள். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கை விரல்களைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் வைத்தால், பேரிங்கில் சொரசொரப்பு இருந்தால் ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் வழவழவென்று இருந்தது.

அப்புறம் மெக்கானிக் ஸ்டெதஸ்கோப்பின் முனையை, ஷாஃப்டை மூடியிருக்கும் வலப்பக்கக் குழாயின் மேல், காலர் இருக்கும் இடத்துக்கு நேராக வைத்து, 2எச்-இல் நான்கு விதமாகச் சுற்றினோம். இடச்சக்கரத்தை மட்டும் சுற்றினால் உள்துண்டு பின்னோக்கிச் சுற்றுகிறது, வெளித்துண்டு நிற்கிறது; கரகரவென்று கேட்டது. வலச்சக்கரத்தை மட்டும் சுற்றினால் வெளித்துண்டு மட்டும் சுற்றுகிறது, ஸ்டார் பினியன்கள் நிற்கின்றன. அப்போதும் அதே கரகரப்பு. இரண்டு பேர் இரண்டு சக்கரத்தையும் முன்னோக்கிச் சுற்றியபோது கரகரப்பு பலமடைந்தது.

கடைசிச் சோதனைதான் வழக்கை முடித்தது. இடச்சக்கரத்தை முன்னோக்கியும் வலச்சக்கரத்தை அதே வேகத்தில் பின்னோக்கியும் சுற்றினோம். இப்போது உள்துண்டும் பின்னோக்கி, வெளித்துண்டும் பின்னோக்கி. நீடில் பேரிங்குக்குள் அசைவு ஏறக்குறைய இல்லை. ஆனால் ஸ்டார் பினியன்கள் சுழன்றுகொண்டுதான் இருக்கின்றன, காலரும் ஃபோர்க்கின் நடுவே சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஸ்டெதஸ்கோப்பில் கரகரப்பு போய்விட்டது. கையால் சுற்றும்போது இரு பக்க வேகமும் முழுதாக ஒத்துப்போகாது, அவ்வப்போது லேசாகத் தலைகாட்டும். இருந்தாலும் வித்தியாசம் யாருக்கும் கேட்கும் அளவுக்கு இருந்தது. ஸ்டார் பினியனும் ஃபோர்க்கும் நிரபராதிகள், பேரிங் ஒன்றுதான் பாக்கி. வலது சிவி ஷாஃப்டை டிஃபரன்ஷியல் ஓரத்தில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால், இடப்பக்கத்தைவிட அதிக ஆட்டம் இருந்ததும் இதோடு பொருந்தியது.

பிரித்ததும் தெரிந்தவை

ஆயில் ஊற்றும் துளையின் மூடியைத் திறந்தபோதே பாதி விடை தெரிந்தது. துளையின் விளிம்பு வரை நிற்க வேண்டிய ஆயில், விரலை மடக்கி உள்ளே விட்டாலும் எட்டவில்லை. வலது ஆயில் சீலைச் சுற்றி எண்ணெய்யும் தூசியும் கலந்து அப்பியிருந்தது. கீழ் மூடியின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு வழக்கமானதுதான். அதோடு மினுமினுக்கும் சிறு துணுக்குகளும் இருந்தன, அவை வழக்கமானவை அல்ல. ஆயில் கறுத்திருந்தது, பால்நிறம் இல்லை, அதனால் தண்ணீர் புகவில்லை. உள்ளிருக்கும் காற்று வெளியேறுவதற்கான பிரீதர் குழாயை ஊதிப் பார்த்தோம், அடைப்பு இல்லை.

வலது சிவி ஷாஃப்டைக் கழற்றி, குழாயைப் பிரித்து வெளித்துண்டை எடுத்தோம். நீடில்களில் பல தட்டையாகத் தேய்ந்திருந்தன, கூட்டின் இடைவெளிகள் அகன்றிருந்தன. இதைவிட முக்கியம், உள்துண்டின் மூக்கு. நகத்தால் வருடினால் சிக்கும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. இந்த அமைப்பில் பேரிங்குக்குத் தனி உள்வளையம் கிடையாது. ஷாஃப்டின் மேற்பரப்பே அந்த வேலையைச் செய்கிறது. பள்ளம் விழுந்த மூக்கின் மேல் புது பேரிங்கைப் போட்டால் சத்தம் கொஞ்ச நாள் அடங்கும், அப்புறம் புது பேரிங்கும் அதே வழியில் போகும். செலவு கூடினாலும் உள்துண்டையும் மாற்றத்தான் வேண்டும் என்று உரிமையாளரிடம் காட்டிச் சொன்னோம், அவரும் ஒப்புக்கொண்டார். பழைய பேரிங்கைக் குழியிலிருந்து உள்பிடிப் புல்லர் வைத்து இழுத்து, புதியதைப் பிரஸ்ஸில் நேராக ஏற்றி, புது சீல் போட்டு, கையேட்டில் உள்ளபடி 75டபிள்யூ-90 ஜிஎல்-5 ஆயிலைத் துளை வழியும்வரை ஊற்றினோம்.

இது ஏன் தேய்ந்தது? சீல் வழியே ஆயில் குறைந்தது முதல் காரணம். இரண்டாவது, முன்பக்கத்தை உயர்த்தியது. உயர்த்திய வண்டிகளில் சிவி ஷாஃப்ட் சாய்வால் டிஃபரன்ஷியல் ஓரத்து சீலும் பேரிங்கும் சீக்கிரம் பாதிக்கப்படுவது இந்த வேலை செய்பவர்களுக்குப் பழகிய விஷயம். மூன்றாவது, வண்டி ஆண்டு முழுக்க 2எச்-இலேயே ஓடியது. 2எச்-இல் கிரவுன் நிற்கிறது. கிரவுன் நின்றால் அது ஆயிலை வாரி மேலே வீசுவதும் நிற்கிறது. ஆயில் அளவும் குறைந்திருந்தால் குழாயின் மறுகோடியில் உள்ள பேரிங்குக்கு என்ன கிடைக்கும்? மாதம் ஒரு முறையாவது சுமார் 16 கி.மீ. 4எச்-இல் ஓட்டுங்கள் என்று சில உரிமையாளர் கையேடுகள் சொல்வது முன்பக்க உறுப்புகளுக்கு ஆயில் போய்ச் சேரத்தான். ஃபோர் வீல் டிரைவைப் பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்துத் தொடாமலே இருப்பவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும். ஈரமான அல்லது தளர்ந்த தரையில் ஓட்டினால் போதும்.

எல்லா வண்டிக்கும் இந்த வழி பொருந்தாது. கையால் திருகும் லாக்கிங் ஹப் இருந்தால் சோதனை இன்னும் சுலபம்: ஹப்பைத் திறந்துவிட்டால் முன் ஷாஃப்ட்களும் டிஃபரன்ஷியலும் மொத்தமாக நின்றுவிடும், ஊளையும் நின்றால் காரணம் உள்ளேதான். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் பிரிக்கும் காலரே இராது, லீவர் சோதனைக்கு அங்கே இடமில்லை. 4எச் போட்டதும் சத்தம் அடங்காமல் புதிதாக ஆரம்பித்தால் தேட வேண்டியது இதற்கு நேரெதிர்ப் பக்கம்: முன் கிரவுன் பினியன், பினியன் பேரிங், டிரான்ஸ்ஃபர் கேஸ் செயின்.

பழுது பார்த்த பின் அதே சாலையில், அதே 36 கி.மீ.-இல் மறுபடி பதிவு செய்தோம். 300 முதல் 500 வரை இருந்த மேடு காணவில்லை. வலப்பக்க வளைவிலும் மாற்றமில்லை. மெல்லிய ஓர் இரைச்சல் மட்டும் மிஞ்சியது. அது கரடான தாரில் கூடி, கான்கிரீட்டில் குறைந்தது, ஆகவே டயர். உரிமையாளர் முன்பக்க உயரத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 1,000 கி.மீ. ஓடியதும் ஆயிலை இறக்கிப் பார்த்தோம்: அளவு துளை விளிம்பிலேயே நின்றது, காந்தத்தில் மெல்லிய சாம்பல் குழம்பு மட்டும். புது ஆயில் ஊற்றி மூடினோம். பின் டிஃபரன்ஷியலை யாரும் திறக்கவே இல்லை.